ஆவணி அமாவாசைக்கு மூன்றாம் நாள்

கண்ணு,

பொம்மிடி அச்சகத்திலிருந்து நோட்டீஸின் மாதிரித் தாள் நேற்றுக் காலை வந்தது. மஞ்சள் தாள். மை வாசம் இன்னும் போகவில்லை. மேலே இரண்டு மீன் படம், நடுவில் ஒரு கப்பல் படம். கப்பல் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘கடல் மீன் திருவிழா, பதினைந்தாம் ஆண்டு’ என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, ‘நம் முன்னோர்கள் கடற்கரையிலிருந்து இவ்வூருக்குக் குடிவந்ததன் நினைவாகத் தொன்றுதொட்டு நடைபெற்று வரும் விழா’ என்று இருந்தது.

ஒரு வரியில் பதினைந்து ஆண்டு, அடுத்த வரியில் தொன்றுதொட்டு. நீ இருந்திருந்தால் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன். விழா நாளைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. இந்த வருசம் ஆவணி அமாவாசைக்கு மூன்றாம் நாள் வியாழக்கிழமை வருகிறது.

நோட்டீஸ் போட்ட பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த விழா எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான். பத்து வருசத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான். பாதி நீ கேட்டுக்கொண்டதற்காக. மறுபாதி, அதைச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக.

என் மகன் பாலக்கோட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் தக்காளி லோடு ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் உன்னைக் கூட்டிவந்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உன் அம்மா நடத்திய சாப்பாட்டுக் கடையில் சாப்பிடப் போனவன், மூன்றாவது மாதம் வந்து நின்று, “பொண்ணு பாத்துட்டம்மா” என்றான். ஊரில் உனக்குக் கடக்கரைக்காரி என்று பெயர் விழுந்தது. வந்த முதல் நாள் மாலை நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது.

“இங்கேருந்து கடல் எவ்வளவு தூரங்க அத்த?”

“ஒரு பகல் பூரா பஸ்ல போவணும்.”

கணக்குக்கு விடை தெரிந்த பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு நீ தண்ணீர் எடுக்கப் போனாய்.

நம் ஊரில் மீன் சாப்பிடாதவர்கள் இல்லை. ஏரியில் கெண்டை பிடிப்பார்கள், சந்தையில் கருவாடு வாங்குவார்கள். கடல் மீன் என்றால்தான் யோசிப்பார்கள். நம் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர் மாதையன், உன் மாமனாருக்குப் பங்காளி, நாக்கில் வந்ததைச் சொல்லாமல் தூங்காத மனிதர், அவர் சொல்வார்: “பத்து நாள் ஐஸ்ல கெடந்ததை எவன் தின்னுவான்?” எனக்கோ எந்த மீனும் ஆகாது. அந்த வாசம் வந்தால் தலை வலிக்கும். முப்பது வருசம் பால்வாடி டீச்சராக இருந்தவள், வீட்டில் என் சொல்லை யாரும் தாண்டியதில்லை.

நீ வந்து இரண்டு வருசத்தில் உன் அம்மா இறந்துபோனார். அந்த ஆவணியில் ஒருநாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாய்.

“அத்த, ஒரே ஒரு நாள் மட்டும் மீன் ஆக்கிக்கட்டுங்களா? தம்பி கொண்டாரேன்னு சொல்லியிருக்கான்.”

“என் வூட்டு அடுப்புல வேண்டாம் கண்ணு” என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அதை வைத்து நான் நல்லவிதமாக நடந்துகொண்டதாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று நீயும் சொல்லவில்லை. “சரிங்கத்த” என்று போய்விட்டாய்.

அமாவாசைக்கு மூன்றாம் நாள் காலையில் உன் தம்பி நாகப்பட்டினத்திலிருந்து வந்து, சேலத்தில் ரயில் ஏறி, பொம்மிடியில் இறங்கி, மினி பஸ்ஸில் வந்து சேர்ந்தான். தோளில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. நீ வீட்டைத் தாண்டிக் களத்து மேட்டில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருந்தாய். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், சோறு. ஒரு மணிக்குக் களத்தில் இருபது வாழை இலை போட்டாய். முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாய் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒருவரும் வரவில்லை. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதையன் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார்.

“என்னம்மா, யாருக்குப் பந்தி?”

“வர்றவங்களுக்குங்க சின்ன மாமா.”

“வரலேன்னா?”

“எல போட்டுட்டேங்க. எடுக்கமாட்டேன்.”

அவர் போய்விட்டார். இலைகள் வெயிலில் ஓரம் சுருண்டன. நீ ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்தாய். அப்போது மாதையனின் நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்த வண்டியின் சத்தம் நின்றது. நீ வரப்பில் ஏறிப் போனாய். திரும்பி வரும்போது உன் பின்னால் எட்டு ஆட்கள், தலை முதல் கால் வரை கல்தூள் அப்பி, வெள்ளையாக, கண் மட்டும் கறுப்பாகத் தெரிய வந்தார்கள். கை கழுவினார்கள். உட்கார்ந்தார்கள். சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் என் ஜன்னல் வரை கேட்டது. மூத்தவர் ஒருவர் எழுந்திருக்கும்போது, “எந்த ஊரும்மா உனக்கு?” என்று கேட்டார். நீ ஊரைச் சொன்னாய். “அதான்” என்றார். அவ்வளவுதான். நீ கரண்டியைப் பிடித்தபடி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வாசலில் மூடி வைத்தாய். நான் தொடவில்லை. மாலையில் நீயே எடுத்துப்போனாய். முகத்தில் எதையும் காட்டவில்லை.

போர் வண்டி ஆட்கள் போகிற ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. டீக்கடையில் பேச்சு வந்தது. அடுத்த வருசம் பதினைந்து பேர் வந்தார்கள். மூன்றாம் வருசம் மாதையனே வந்தார், சும்மா பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டு. மூன்று முறை குழம்பு வாங்கினார். எழுந்திருக்கும்போது, “எல்லாஞ் சரி, களி இருந்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றார். “அடுத்த வருசம் களி போடுறேங்க” என்றாய். நாகப்பட்டினத்துப் பெண் கேழ்வரகுக் களி கிண்டப் பழகியது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். முதல் மூன்று நாள் கட்டி கட்டியாக வந்ததை நீயே உட்கார்ந்து தின்றாய்.

அந்த மூன்று வருசமும் நான் களத்துக்கு வரவில்லை.

நான்காம் வருசம் மீன் வண்டி நாமக்கல்லுக்கு அருகில் பழுதாகி, அரை நாள் வெயிலில் நின்றுவிட்டது. உன் தம்பி பெட்டிகளோடு வந்து சேரும்போது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. களத்தில் அறுபது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நீ மூடியைத் திறந்தாய். ஐஸ் உருகித் தண்ணீராக நின்றது. ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தாய். இன்னொன்றை எடுத்தாய். எல்லாப் பெட்டியிலும் எடுத்துப் பார்த்தாய்.

“வேண்டாங்க. கெட்டுப்போச்சு” என்றாய்.

“மசாலாவ தூக்கலா போடும்மா, ஒண்ணும் தெரியாது” என்றார் மாதையன். நாலு பேர் ஆமாம் என்றார்கள். பசி அவர்களுக்கு.

“எனக்குத் தெரியுமுங்க மாமா” என்றாய்.

மண்வெட்டியை நீயே எடுத்துக் களத்தின் ஓரத்தில் குழி வெட்டினாய். உன் தம்பி அழுதுகொண்டே பெட்டி பெட்டியாகக் கொட்டினான். மேலே சுண்ணாம்பு போட்டு மூடினாய். அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இலையை மட்டும் நீ எடுக்கவில்லை. யாரையும் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாய்.

அன்றுதான் கண்ணு நான் வீட்டைவிட்டு இறங்கினேன்.

“கருவாட்டு டின் எங்க வெச்சிருக்க?”

நீ திடுக்கிட்டாய். தம்பி கொண்டுவரும் நெத்திலிக் கருவாட்டை எனக்கு வாசம் வரக்கூடாதென்று பாலித்தீன் பையில் சுற்றி மாட்டுக் கொட்டகைப் பரணில் நீ வைத்திருந்தது எனக்கு வெகுநாளாகத் தெரியும். “கொட்டாயில இருக்குதுங்க” என்றாய். நானே போய் எடுத்துவந்தேன். தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துவரச் சொன்னேன். என் வீட்டு அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினேன். என் தலை வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். கருவாட்டுக் குழம்பு ஒரு அடுப்பில், களி ஒரு அடுப்பில். நீ துடுப்பைப் பிடித்துக் கிண்ட, நான் பானை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டேன், நாலாம் வருசத்தில்.

“எதுக்கு கண்ணு இந்த நாளு?”

நீ கிண்டுவதை நிறுத்தவில்லை. உனக்குப் பதினோரு வயதில் உன் அப்பா கடலுக்குப் போய் ஆவணி அமாவாசைக்கு மூன்றாம் நாள் திரும்பியிருக்க வேண்டும் என்றாய். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததால் திரும்பி வர வேண்டிய நாளையே உன் அம்மா அவருடைய நாளாக வைத்துக்கொண்டார். வருசா வருசம் அன்றைக்குக் கரையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் மீன் ஆக்கிப் போட்டார். அம்மாவும் போன பிறகு, அதைச் செய்ய நீ ஒருத்திதான் மிச்சம்.

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பனா?” என்றேன்.

“சொன்னா பாவம் பாத்து வருவாங்க அத்த. பாவம் பாத்து வர்றவங்களுக்கு எங்கம்மா சோறு போட்டதில்ல. பசிச்சு வர்றவங்களுக்குத்தான் போட்டாங்க. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அன்று களத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். அறுபத்தோராவது இலை என்னுடையது.

அதற்குப் பிறகு விழா தானாக வளர்ந்தது. ஊரே விறகு கொண்டுவந்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சாமை அரிசி மூட்டையோடு வந்தார்கள், மீன்குழம்புக்குச் சாமைச் சோறுதான் பொருத்தம் என்று மாதையனோடு வாதாடினார்கள். தீர்த்தமலைக்குப் போகிற வழியில் கேள்விப்பட்டு ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். நீ நடத்தியது பன்னிரண்டு வருசம்.

பன்னிரண்டாம் விழா முடிந்த ஐப்பசியில் மார்பில் கட்டி என்றார்கள். பங்குனியில் நீ இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் கூட, “ஆவணிக்கு ஐஸ் சேத்துப் போடச் சொல்லுங்க தம்பிய” என்றாய். ஆவணி வந்ததும் என் மகன், “அவளே இல்ல, யாருக்கும்மா இனி?” என்றான். அவன் அழுகையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிறுத்த விடவில்லை. பஸ் ஏறி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, நாகப்பட்டினம் போனேன். அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தேன். விடிந்ததும் துறைமுகத்தில் உன் தம்பி மீனை என் கையில் கொடுத்து, “செவுளப் பாருங்கத்த. கண்ணு தெளிவா இருக்கணும். அமுக்குனா குழி நிக்கக் கூடாது” என்று சொல்லிக் கொடுத்தான். தலைவலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு ஒவ்வொரு மீனாகப் பார்த்தேன். இரண்டு வருசம் அப்படி நடத்திவிட்டேன்.

இந்த வருசம் இந்த நோட்டீஸ்.

நேற்று மாலை பால்வாடிக் கட்டடத்தில் எல்லாரும் கூடினோம். செல்போன் கடை வைத்திருக்கும் குமரேசன்தான் இப்போது எல்லாவற்றையும் முன்னின்று செய்கிறான். என்னிடம் அனா ஆவன்னா படித்த பிள்ளை, மரியாதை தெரிந்தவன்.

“ஞாயித்துக்கெழமன்னா பெங்களூருல வேல பாக்குற பசங்க பூரா வருவாங்க டீச்சரம்மா. வியாழக்கெழம வெச்சா யாருங்க வருவா?”

அவன் சொல்வதில் தப்பில்லை. பத்துப் பேராவது அவனுக்குத் தலையாட்டினார்கள்.

“நாளை மாத்தக் கூடாது குமரேசா.”

“ஏனுங்க?”

நீ கேட்டுக்கொண்டதை நினைத்தேன். இன்னொன்றையும் நினைத்தேன். நம் பக்கத்தில் கருமாதிச் சோறு பங்காளி, உறவு தவிர மற்றவர்கள் சாப்பிடமாட்டார்கள். சாவு நாளுக்கு ஆக்கிய சோற்றைச் சொல்லாமல் போட்டோம் என்று தெரிந்தால் அத்தனை பேரும் எழுந்து போகலாம். விழா இந்த வருசத்தோடு முடியலாம். சொல்லாவிட்டால் விழா நடக்கும், ஆனால் வேறு எதுவோ நடக்கும். கப்பல் படம் போட்ட ஏதோ ஒன்று.

சொல்லிவிட்டேன் கண்ணு. நீ சொல்லாதே என்றதை எழுந்து நின்று சொன்னேன். உன் அப்பா வராத நாள் என்று சொன்னேன். உன் அம்மா கரையில் சோறு போட்டதைச் சொன்னேன். முதல் வருசம் என் வீட்டு அடுப்பில் வேண்டாம் என்று நான் சொன்னதையும், ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும், நீ வைத்த கிண்ணத்தைத் தொடாமல் விட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அந்த நாட்களில் லோடு ஓட்டப் போயிருந்தான். அவனுக்கே அது தெரியாது.

முதலில் மாதையன்தான் வாயைத் திறந்தார். இப்போது அவருக்குக் காது மந்தம், அதனால் சத்தமாகப் பேசுவார்.

“அப்ப பதினாலு வருசமா எங்களுக்குக் கருமாதிச் சோறு போட்டீங்களா?”

“ஆமாங்க” என்றேன். “வேண்டான்னா இந்த வருசம் நான் மட்டும் ஆக்குறேன். போர் வண்டிக்காரங்க யாராச்சும் வருவாங்க.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

“அந்த மனுசன் பேரு என்ன?”

எனக்குத் தெரியாது. பதினாலு வருசம் அவர் பெயரில் சோறு போட்டிருக்கிறோம், அதில் பதினோரு வருசம் அது அவருக்கு என்று தெரிந்தே நான் பரிமாறியிருக்கிறேன். அவர் பெயரை நான் உன்னிடம் கேட்டதே இல்லை. கல்யாணப் பத்திரிகையே அடிக்காமல் நடந்த கல்யாணம். உன் அப்பா, உன் அப்பா என்றே முடித்துவிட்டேன்.

“தெரியாதுங்க” என்றேன். எழுந்து நின்று சொன்னதிலேயே அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

அங்கேயே உன் தம்பிக்கு போன் போட்டேன். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. “யாருங்கத்த கேக்குறது?” என்றான். “ஊரே கேக்குது” என்றேன். பெயரைச் சொன்னான். மாதையனுக்குக் கேட்கவில்லை என்று நான் திரும்பச் சத்தமாகச் சொன்னேன்.

“வைரக்கண்ணு.”

மாதையன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு அன்னிக்கு இல போட்டுட்டேன், எடுக்கமாட்டேன்னுச்சு. நான் மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். வியாழக்கெழமையே வைங்க” என்றார்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுத மாட்டேன். இரண்டு குடும்பம் வரவில்லை என்று சொல்லிவிட்டது. மேலத்தெரு ராஜம்மா, “எம் மருமக மாசமா இருக்கா டீச்சரம்மா, மனசு கேக்கல” என்றாள். அதில் தப்பில்லை என்றேன். பெங்களூரு பிள்ளைகள் பாதிப் பேர் வர முடியாது. கூட்டம் குறையும். குமரேசன் பேனாவை எடுத்து முன்னோர்கள் வரியை அடித்தான், கப்பலைச் சுற்றி வட்டம் போட்டு அதையும் அடித்தான், தாளை என்னிடம் நீட்டினான். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘நாகப்பட்டினம் மீனவர் வைரக்கண்ணு கடலிலிருந்து திரும்பாத நாள். அவர் மகள் இவ்வூருக்கு மருமகளாக வந்து தொடங்கிய விருந்து. பசித்தவர்கள் எல்லாரும் வாருங்கள்.’ உன் பெயரை அதற்குக் கீழே எழுதினேன். அதை அச்சகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உன் சொல்லை மீறியதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள். எனக்குப் பலம் இருக்கிற வரைக்கும் இந்த நாளை நகர விடமாட்டேன், பத்துப் பேர் வந்தாலும் சரி, போர் வண்டிக்காரர்கள் மட்டும் வந்தாலும் சரி. எனக்குப் பிறகு உன் மகள் பார்த்துக்கொள்வாள். விடுதியிலிருந்து போனில் பேசும்போது அவளிடமும் அந்தப் பெயரைச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டாள்.

நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் நாகப்பட்டினம் போகிறேன். ஒன்று மட்டும் நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருசம் நீ என்னை அத்தை என்று கூப்பிட்டாய். அது வெறும் மரியாதைச் சொல் என்று இருந்துவிட்டேன். உனக்கு நான் அத்தை என்றால் உன் அப்பாவுக்கு நான் தங்கை. நாளை மறுநாள் விடிந்ததும், மீன் பார்ப்பதற்கு முன்னால், உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போவேன். கடலைப் பார்த்து அவரைக் கூப்பிடுவேன், ‘வைரக்கண்ணு அண்ணா’ என்று, சத்தமாக.